வண்டி ஓடினால்தான் வாய் திறப்பார்

என் வீட்டுக்காரர் வீட்டில் பேச மாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தாலாவது நாலு வார்த்தை வெளியே வருமே, அந்தப் பாக்கியமும் எனக்கு இல்லை. "சோறு போடவா?" என்றால் "ம்." "மழை வருமா?" என்றால் "ம்ம்." ஒரு 'ம்' என்றால் ஆமாம், இரண்டு என்றால் தெரியாது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டால், ஆள் வந்திருக்கிறாரா இல்லையா என்று சாமியாரே திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆவூர் மாதா கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தபோது "சம்மதமா?" என்று கேட்டதற்கு இவர் தலையைத்தான் ஆட்டினார். "வாயைத் தொறந்து சொல்லுங்க தம்பி" என்று சாமியார் அதட்டி வாங்கியதுதான், நான் காதால் கேட்ட இவருடைய முதல் வார்த்தை.

அதே மனிதர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டால் வேறு ஆள்.

எங்கள் வீடு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில். நான் தலைமை ஆசிரியையாக இருக்கும் தொடக்கப் பள்ளி திருவரங்குளத்தைத் தாண்டி. காலையில் பின்னால் உட்கார்ந்தால் டவுனைத் தாண்டும்வரை சத்தமே இருக்காது. தைலமரக் காடு தொடங்கியதும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். எங்கள் குடும்பத்தின் முக்கியமான செய்திகள் எல்லாம் எனக்கு இந்த மனிதருடைய பின்மண்டையிலிருந்துதான் வந்திருக்கின்றன. தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை அங்கேதான் சொன்னார். மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததை, அவன் பத்தாவது படிக்கும்போது அங்கேதான் சொன்னார். நான் வைக்கும் சாம்பாரில் கல்யாணமான நாளிலிருந்தே புளி கூடுதல் என்பதும் அங்கே சொன்னதுதான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இன்ஜின் போடும் சத்தத்தில் தன் குரல் தனக்கே பாதிதான் கேட்கும். கூச்சக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் தாடி வைத்த பையன்கள் "ஆன்ட்டி, குடுக்குற ஐடியா இருக்கா?" என்று வந்து நிற்பார்கள். இப்போதே நிற்கிறார்கள். மகனைவிட மூத்த வண்டி. மகனைவிட அதிகம் துடைக்கப்பட்ட வண்டி என்றும் சொல்லலாம்.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட குணம் வந்தது. அடியிலிருந்து எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. அதுவும் எங்கே? வாசலில், நான் விடிகாலையில் குனிந்து நிமிர்ந்து போடும் கோலத்துக்கு நட்ட நடுவே. எண்ணெய் விழுந்த சிமெண்டில் கோலமாவு நிற்காது, மஞ்சளாகப் போய் அசிங்கமாகக் கிடக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தேன், அரப்பு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஒண்ணு இந்த வாசல்ல கோலம் இருக்கணும், இல்ல ஒங்க வண்டி இருக்கணும். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க."

"ம்" என்றார்.

மறுநாள் வண்டிக்கடியில் என் இட்லித் தட்டு. ஐயோ, "இனிமே ஒரு சொட்டு விழக் கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது. தட்டு போனது. அதற்கப்புறம் சொட்டு குறைந்தது. வாரம் போகப் போக இன்னும் குறைந்தது. கடைசியில் சுத்தமாக நின்றே போனது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் சொன்னதை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாரே என்று எனக்குப் பூரிப்பு. எப்படி நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் "ம்ம்" தானே.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. இவர் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று, என்னைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதுமே வேலையாக இருந்தார். அன்றைக்குத் தைலமரக் காடு வந்ததும் கண்ணாடியைத் தூக்கினார். ஆனால் பேசவில்லை. தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி கனைத்தார்.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இவர் சொல்லுவார், கேட்க மாட்டார். எதையுமே கேட்டதில்லை. நான் காதை முன்னால் நீட்டிய அந்த நேரம் பார்த்து, என் காலில் சுடச்சுட ஏதோ கொட்டியது. குனிந்து பார்த்தால் புதுக் காட்டன் புடவையின் ஓரம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். ரோட்டில் எங்களுக்குப் பின்னால் கோடு போட்டாற்போல நீளமாக எண்ணெய். இன்ஜின் கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. இவர் பதறி ஓரங்கட்டி நிறுத்தினார்.

அப்புறம் அமைதி. தைலமர இலை அசைவதுகூடக் கேட்டது.

"என்னங்க கேக்கணும்?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "ம்ம்" என்றார்.

வண்டி லோடு ஆட்டோவில் ஏறிப் போனது. நான் எண்ணெய்ப் புடவையோடு பஸ் ஏறிப் போனேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. என்ன கேட்க நினைத்திருப்பார்? போன வாரம் தனியாகப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாரே, அது சம்பந்தமாகவா? உடம்புக்கு ஏதாவதா? தனக்கு அப்புறம் நான் எங்கே இருப்பேன் என்று கேட்கப் போகிறாரா? சாயங்காலம் வந்து இவர் சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு பஸ் டிக்கெட்டும் தைலம் தடவின கைக்குட்டையும்தான் இருந்தன. எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். அன்றைக்குச் சாம்பாரில் வேண்டுமென்றே புளியைக் கூட்டினேன். மனிதர் "ம்" என்று சாப்பிட்டார்.

மறுநாள் மெக்கானிக் கடைக்கு நானும் போனேன். கடை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான். இவர் பேசாததையும் சேர்த்துப் பேசுகிற மெக்கானிக். இன்ஜினைக் கழற்றி, அலுமினியப் பெட்டி மாதிரி இருந்த அடிப்பாகத்தைத் தனியே எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இங்கிட்டு வந்து பாருங்க டீச்சர். எண்ணெய் எறக்குற போல்ட்டு இது. இந்த ஓட்டையிலேருந்து வெடிப்பு கெளம்பி, அங்கிட்டு எங்க வரைக்கும் போயிருக்கு பாருங்க."

வெடிப்பு பக்கவாட்டில் ஏறி, இன்ஜின் நம்பர் அடித்திருக்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் போய் நின்றிருந்தது. அதன் மேல் சலவை சோப்பை அப்பி, சோப்புக்கு மேல் பசையை அப்பி, அதற்கும் மேல் யாரோ சில்வர் பெயிண்ட் வேறு அழகாக அடித்திருந்தார்கள்.

"இது தானா வெடிச்சது இல்ல டீச்சர். ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருக்காங்க. ஒரு நாள் இல்ல, தெனமும் முறுக்கியிருக்காங்க. யாரு சார் அது?"

இவர் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தார். ராகுகாலத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குக் கதவிடுக்கில் நின்றிருந்த பழைய மோட்டார் பைப்புத் துண்டு ஞாபகம் வந்தது. திருடனை அடிக்க வைத்திருக்கிறார் என்று அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

"ஏங்க! சொட்டை நிறுத்தவா முறுக்குனீங்க? இன்னும் கொஞ்சம் முறுக்குனா நிக்கும், நிக்கும்னு இன்ஜினையேவா ஒடைப்பீங்க? நான் கோலத்துல விழுதுன்னுதானே சொன்னேன்! வண்டியத் தள்ளி நிறுத்த வாசல்ல எடமா இல்ல?"

"ஒரு சொட்டு விழக் கூடாதுன்னியே" என்றார்.

அந்நிய மனிதர் முன்னால், இன்ஜின் ஓடாதபோது, இவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல், ஏதோ ஸ்குரூவைத் தேடுகிறவர் மாதிரி மேசைக்கு அடியில் போய்விட்டார்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து மெக்கானிக் சொன்னது இது. பழைய சாமான் கடையில் வேறு அடிப்பாகம் கிடைக்கும். ஆனால் நம்பர் மாறிவிடும். ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டு போனால் இது உங்கள் வண்டியே இல்லை என்பார்கள். இதையேதான் ஆர்கான் வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டும், விராலிமலையில் ஒருத்தர் செய்கிறார், அதுவும் நிற்குமா என்று சொல்ல முடியாது. "பேசாம எடைக்குப் போட்ருங்க டீச்சர். நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க."

மகனும் போனில் அதையேதான் சொன்னான். "அதைத் தூக்கிப் போடும்மா. கரண்ட் ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தேன்ல, அதுல போங்க."

அந்த ஸ்கூட்டரிலும் போய்ப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போகிறது, பூனை நடந்த மாதிரி சத்தமே இல்லை. தைலமரக் காடு வந்தது. நான் காத்திருந்தேன். காடு முடிந்தது. நான் முதுகில் தட்டி, "அன்னைக்கு ஏதோ கேக்கணும்னீங்களே" என்றேன். இவர் பக்கத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையை இல்லை என்று ஆட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்கூட்டரில் பேசினால் ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் கேட்கும்.

விடுவேனா? வீட்டில் இவர் டி.வி. பார்க்கிற நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, வண்டியில் உட்காருகிற மாதிரியே ஒருபக்கமாக உட்கார்ந்தேன். மிக்சியைக் காலியாக ஓடவிட்டேன்.

"சொல்லுங்க. நான் ஒங்க மொகத்தைப் பாக்கல."

இவர் திரும்பிப் பார்த்தார். "மிக்சிய நிறுத்துடி, காயில் போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

அதனால்தான் முடிவு செய்தேன். அந்த வண்டி ஓடியாக வேண்டும். எடைக்குப் போடு, எடைக்குப் போடு என்று வருஷக்கணக்கில் அதைத் திட்டித் தீர்த்தவள், மெக்கானிக்கிடம் போய் "வெல்டிங் வைக்கிறோம்" என்றேன். "டீச்சரா பேசுறது?" என்றார். "டீச்சர்தான். சாக்குல கட்டிக் குடுங்க" என்றேன்.

சனிக்கிழமை விராலிமலை பஸ்ஸில் ஏறினோம். இன்ஜின் பெட்டி என் மடியில். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது, குண்டானா?" என்றார். "இன்ஜின்" என்றேன். "இன்ஜின் எங்க பஸ்ஸுலயே இருக்கும்மா, எதுக்குக் கையோட கொண்டாரீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பஸ்ஸிலும் சத்தத்துக்குக் குறைவில்லை, இங்காவது பேசுவார் என்று பார்த்தேன். சுற்றி நாலு பேர் இருந்தால் இவருக்கு வாயில் பூட்டு.

வெல்டிங் கடை ஹைவே ஓரத்தில். காம்பவுண்டு சுவரில் ஒரு மயில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. வெல்டர் பசையையும் சோப்பையும் சுரண்டி எடுத்தார். முகமூடியை இறக்கி ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். கறுப்பாகப் பொங்கிக் கொப்பளித்தது. முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஆகாதும்மா. உள்ளுக்குள்ள எண்ணெய் ஊறிக் கெடக்கு. ஒரு பிசுக்கு இல்லாம கழுவிக் கொண்டாங்க" என்றார்.

"எதைப் போட்டுக் கழுவுறது?"

"அது ஒங்க பாடு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. இவ்வளவு தூரம் மடியில் பிள்ளை மாதிரி கொண்டு வந்தவளுக்கு இதுதான் பதிலா? ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பதைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி போடும் அண்டாவைக் கொல்லையில் அடுப்பில் ஏற்றினேன். சோப்புத் தூளைக் கொட்டிக் கொதிக்க வைத்து, பெட்டியை உள்ளே இறக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விசேஷமா? வாசனை ஒரு மாதிரி வருதே" என்றார்.

"இன்ஜின் சூப்பு வைக்கிறேங்க்கா. வாங்க, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க."

கொதித்ததை எடுத்து இவர் துணியால் பிடித்துக்கொள்ள, நான் சீயக்காயைக் குழைத்துத் தேய்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை அலசுகிற மாதிரி அலசினேன். மூலைமுடுக்குக்கு இவருடைய பல் பிரஷ். அது பிரஷ் என்று தெரிந்ததும் இவர் என்னைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. சத்தம் மட்டும் இல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் அழுகையாக வந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டே தேய்த்தேன். வேகவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி வேகவைத்து, வாரம் முழுக்க இதே வேலை. கொல்லைக் கொடியில் துணி, கொடிக்கு அடியில் முறத்தில் இன்ஜின்.

அடுத்த சனிக்கிழமை அதே பஸ், அதே கண்டக்டர். "இன்னுமா இறக்கி வைக்கல?" என்றார். வெல்டர் பெட்டியை வாங்கி மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"என்னம்மா, ஷாம்பு போட்டீங்களா?"

"சீயக்காய்."

"நல்லா இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு முகமூடியை இறக்கினார். இந்த முறை பொங்கவில்லை. நத்தை போன தடம் மாதிரி, வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. நம்பர் தப்பித்தது. மெக்கானிக் அதில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்துப் பார்த்தார், கசியவில்லை. பெட்டிக்குள் மற்றதையெல்லாம் ஏற்றி மாட்டி, முன் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். நான் பெட்ரோல் டேங்க் மேல் சிலுவை போட்டேன். எந்தப் பக்கம் சொல்லி வைத்தாலும் நல்லதுதானே.

"சார், போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டிருக்கேன். ஒரு சொட்டு வந்தா வரட்டும். பைப்பைத் தொடாதீங்க, ஒங்களுக்குக் கோடி புண்ணியம்."

"பைப்பை பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கி தின்னாச்சு" என்றேன்.

திங்கட்கிழமை காலை இவர் உதைத்தார். முதல் உதைக்குப் பிடிக்கவில்லை. அடுத்த உதையில் பழைய சத்தத்தோடு கிளம்பியது. இந்தச் சத்தத்துக்காக இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். டவுன் முடிந்தது. தைலமரக் காடு. கண்ணாடியைத் தூக்கினார். கனைத்தார்.

"ரத்தம் டெஸ்டு பண்ணுனேன்ல, சுகர்தான் பாத்தேன். ஒண்ணும் இல்லையாம்."

'அடப்பாவி மனுஷா, இதைச் சொல்ல ஒனக்கு இன்ஜின் வேணுமா' என்று நான் மனசுக்குள் திட்டி முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தார்.

"மே மாசத்தோட நீ வீட்டுல இருப்ப. அதுக்கப்பறம் நம்ம இங்கிட்டு வர வேண்டிய வேலையே இல்ல. அதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வேலை இல்லாட்டியும் காலையில இதே மாதிரி ஒரு நடை வந்துட்டுப் போவமா? திருவரங்குளத்துல ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிருவோம். ஒனக்கு இடுப்பு வலின்னா வேணாம். எனக்கு... வீட்டுல பேச வரமாட்டேங்குது."

இதைக் கேட்கவா இத்தனை கனைப்பு? "வருவோங்க" என்றேன்.

"என்னது?"

"வருவோம்னேன்!"

"ஒண்ணும் கேக்கலடி. பின்னாலேருந்து நீ பேசறது எனக்கு என்னைக்குக் கேட்டிருக்கு? நீ ம்முங்கிற மாதிரி ஏதோ கேக்கும். நான் எம்பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வருவேன்."

தூக்கிவாரிப் போட்டது. நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து சொன்ன புத்திமதி என்ன, ஆறுதல் என்ன, போட்ட சண்டை என்ன! இவருக்கு அத்தனையும் வெறும் 'ம்' தானா? எங்கள் இரண்டு பேரில் பேசாமடந்தை நான்தானா?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூச்சை இழுத்துப் பிடித்து, ஹெல்மெட்டுக்குள் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நான் பார்க்கவில்லை, அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. நான் கத்த வாயைத் திறந்ததும் இவர் இன்ஜினை நிறுத்தியதும் ஒரே நேரம்.

"தெனமும் வாரேங்க! ஒங்க கூடத்தான் வாரேன்! என்னைய விட்டுட்டு நீங்க மட்டும் வந்தீங்க, நடக்குறதே வேற!"

உள்ளே காலை வணக்கத்துக்காகப் பிள்ளைகள் வரிசையில் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று அவர்களைப் பழக்கியதே நான்தான். மொத்தப் பள்ளிக்கூடமும் தலைமை ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தது. சத்துணவு ஆயா கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். காது வரைக்கும் சிவந்திருந்தது. ஓடிப்போய்விடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. அத்தனை பேர் பார்க்க என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

இன்ஜின் ஓடவில்லை.